முபாரக் அல்லது தற்போது குடியிருப்பவர்

அய்யம்பேட்டை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ஜனாப் முபாரக் அவர்களின் மேலான கவனத்திற்கு, உங்கள் அக்காவைக் கட்டிய பக்கீர் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் அக்கா ஹலீமாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். என் வலது முழங்கால் மட்டும் இந்தச் சுகத்தில் சேராது. துபாயில் நீங்களும் ஷமீராவும் மருமகள் குட்டி ஷமாவும் சுகமாக இருக்க தினமும் துஆ செய்கிறோம்.

மேலான கவனம், அவர்கள், நீங்கள் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்து மச்சான் கோபமாக இருக்கிறார் என்று பயந்துவிடாதே. உனக்கு வரும் தபால்களில் எல்லாம் இப்படித்தான் எழுதுகிறார்கள். படித்துப் படித்து எனக்கும் கை அப்படியே போகிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். கோபமாகவும் இருக்கிறேன்.

போன வாரம் நீ வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸின் படத்தை அனுப்பி, "மச்சான், இது என்ன?" என்று கேட்டிருந்தாய். நோட்டீஸில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான். அதன் கீழே அச்சடித்திருப்பது உன் பெயர். இது எப்படி நடந்தது என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், உனக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும், நடுவில் உன் அக்கா போனைப் பிடுங்கி ஷமாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்பாள். எழுதினால், கோபம் எழுத்துக்கூட்டி வருவதற்குள் பாதி ஆறிவிடும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நீ சென்னையில் அந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியபோது தபால் முகவரி என்று என் வீட்டைக் கொடுத்தாய். "எப்பவாச்சும் ஒரு தபால் வரும் மச்சான், எடுத்து வச்சிருங்க" என்றாய். எப்பவாச்சும்! முதல் மாதம் அந்த வீட்டைக் கட்டியவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் யாரிடம் உன் பெயரைச் சொன்னார்களோ, அடுத்த மாதத்திலிருந்து ஊரில் உலகத்தில் உள்ள கம்பெனி எல்லாம் உன்னைத் தேடிக்கொண்டு என் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டது. கிரெடிட் கார்டுக்காரன், "உங்களைப் போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சிலருக்கு மட்டுமே" என்று எழுதுகிறான். தஞ்சாவூர் நகைக்கடை, வைரக் கண்காட்சியைப் பார்வையிட்டுத் தேநீர் அருந்திச் செல்லும்படி உன்னைக் கெஞ்சுகிறது. கார் கம்பெனி, நீ ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும் என்கிறது. தலையில் முடி முளைக்க வைக்கும் ஆஸ்பத்திரி ஒன்று மாதம் தவறாமல் எழுதுகிறது. அந்த ஒன்றை மட்டும் நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், உனக்குத் தேவைதான். மற்றதெல்லாம் எதற்கு? எல்லாம் வழவழப்பான தாள். கடலைகூடப் பொட்டலம் கட்ட முடியாது, மடித்தால் விரிந்துகொள்கிறது.

தூக்கிப் போடலாம் என்றால் உன் அக்கா விடமாட்டாள். "எந்தம்பி பேரு போட்டிருக்குங்க, குப்பையில போடுறதா?" என்று ஒவ்வொன்றையும் துடைத்து ஷோகேஸில் அடுக்குகிறாள். அந்த ஷோகேஸில் முன்பு நான் பம்புசெட் விற்பனைக்காக வாங்கிய கேடயம் இருந்தது. இப்போது அது பின்னால் போய்விட்டது, முன்னால் மூன்று படுக்கையறை கொண்ட வீடுகள் நிற்கின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு தடவை, "திரு. முபாரக் அவர்களே, நாளை உங்களுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்?" என்று கொட்டை எழுத்தில் வந்தது. உன் அக்கா அதைப் படித்துவிட்டு, "தம்பிக்கு என்னமோ ஆயிருச்சு, நமக்குத் தெரியாம மறைக்கிறாங்க" என்று அழ ஆரம்பித்து, அடுப்பில் வைத்த மீன் குழம்பு கருகி, நான் மத்தியானம் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். நீ அன்றைக்கு எங்கேயோ ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், படம் போட்டிருந்தாய், நான் பார்த்தேன்.

பொறாமையில் எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைக்காதே. பொறாமைப்பட என்ன இருக்கிறது? எனக்கும் தபால் வரத்தான் செய்கிறது. வீட்டு வரி கட்டச் சொல்லி வருகிறது. போன வருஷம் கண்புரை முகாமுக்கு அழைத்திருந்தார்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பார். இந்தப் பக்கம் பூதலூர் தொடங்கி அந்தப் பக்கம் பாபநாசம் தாண்டி எத்தனை வயல்களில் நான் இறக்கிவிட்ட மோட்டார் ஓடுகிறது. "மோட்டார் பாய்" என்று சொன்னால் பஸ்சை நிறுத்தி வழி சொல்வார்கள். நீ ஒரு பள்ளிக்கூட லீவு முழுக்க என் கடையில் உட்கார்ந்திருந்தும் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் தலைகீழாக மாட்டிக் கொடுத்தாய், வாங்கிப் போன மனிதர் ஒரு பகல் முழுக்க மோட்டாரை ஓட்டியும் சொட்டுத் தண்ணீர் வராமல் கடைக்கு வந்து சத்தம் போட்டார். அப்பேர்ப்பட்ட உன்னை "மிகச் சிலரில் ஒருவர்" என்று ஒரு கம்பெனி தேர்ந்தெடுக்கிறது, எவனும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், தேர்ந்தெடுக்கிறவனுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதானே அர்த்தம்?

சரி, தபாலோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். தபால்காரர் ரெத்தினம் இருக்கிறாரே, தங்கமான மனிதர், சைக்கிளை நிறுத்தாமலே தெருமுனையிலிருந்து "முபாரக் சார், போஸ்ட்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். தினமும் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே காதில் பதிந்துவிட்டது. கூரியர்காரன் ஒருவன் வழி மறந்துவிடாமல் இருக்க மேப்பில் என் வீட்டைக் குறித்து "முபாரக் ஹவுஸ்" என்று பெயர் போட்டுவிட்டான். ஒரு நாள் சந்தையிலிருந்து அரிசி மூட்டையோடு ஆட்டோவில் ஏறி, "மோட்டார் பாய் வீட்டுக்குப் போப்பா" என்றேன். புது டிரைவர். போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் காட்டலியே" என்றான். நான் வழி சொல்லிக் கொண்டுபோய் வாசலில் இறங்கியதும், "அட, முபாரக் வீடுன்னு சொல்லியிருந்தா சீக்கிரமா வந்திருக்கலாம்ல பெரியவரே!" என்று கோபித்துக்கொண்டான். கல்லும் மண்ணும் நான் சுமந்து கட்டிய வீடு. நீ ஒரு செங்கல்லைத் தொட்டது உண்டா? தொட்டாய், காலில் போட்டுக்கொண்டாய்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று வந்தது. ஏதோ சோபா கடை. மேலே முகவரியில், "திரு. முபாரக் அல்லது தற்போது குடியிருப்பவர்" என்று அச்சடித்திருந்தான். ரெத்தினம் அதை என் கையில் கொடுத்து, "இதுல நீங்களும் இருக்கீங்க பாய்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் பிழைத்து, கடைசியில் ஒரு கம்பெனி என்னைக் கண்டுபிடித்துவிட்டது. நான் ஒரு "அல்லது".

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் காகிதத்தை நிறுத்தியே தீர்வது என்று. பக்கத்து வீட்டு அண்ணாதுரை, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், "கேட்டுல ஒரு போர்டு மாட்டுங்க பாய், படிச்சுப் பாத்துட்டுப் போயிருவான்" என்றார். பெயின்டரைக் கூப்பிட்டு, "இங்கே விளம்பரத் தாள்கள் போடக் கூடாது" என்று சிவப்பில் எழுதச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதினான். காய்ந்த பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் "சிறந்த முறையில் போர்டு எழுத அணுகவும்" என்று அவன் பெயரும் போன் நம்பரும். அடுத்த நாள் டியூஷன் நோட்டீஸ் ஒட்டுகிறவன், "விளம்பரம்" என்ற வார்த்தையை மட்டும் படித்தானோ என்னவோ, இது அதற்கென்று மாட்டிய பலகை என்று நினைத்து அதன்மேலேயே பசை தடவி ஒட்டிவிட்டுப் போனான். அதற்கு மேல் மூலம் பவுத்திரம் ஒட்டினார்கள். என் கேட்டில் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக நிற்கின்றன.

சரி, கம்பெனிகளிடமே நேரடியாகப் பேசிவிடலாம் என்று, அதிகமாக அனுப்புகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். திருவையாற்றுப் பக்கம் "தேன்நதி நகர்" என்று மனை போட்டு விற்கிறார்கள். போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். தேன் மாதிரிக் குரல். என் போன் நம்பரையும் உன் பெயரில்தான் வைத்திருந்தார்கள்.

"வணக்கம் சார், முபாரக் சார் வீட்டு நம்பரா சார்?"

"ஆமாம்மா. இந்தப் பேருக்குத் தபால் அனுப்புறத நிறுத்தணும்."

"நீங்க முபாரக் சாருங்களா?"

"இல்லம்மா, நான் அவனோட மச்சான்."

"சாரி சார், அவரே பேசினாத்தான் பேரை எடுக்க முடியும். வேற எதுவும் உதவி வேணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டாள். அந்த "சாரி சார்" வந்தபோது தேனெல்லாம் வற்றிவிட்டிருந்தது. நான் தொண்டையைச் செருமி, மறுபடியும் போன் போட்டு, "நான் முபாரக் பேசுறேன், துபாயிலேர்ந்து வந்திருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். எப்ப சார் வந்தீங்க, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா சார், வெயில் ஒத்துக்குதா சார்! முபாரக், என்னை யாரும் அப்படி விசாரித்ததே கிடையாது. வெயில் எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று இந்த ஜில்லாவில் ஒரு ஆள் கேட்டதில்லை. நானும் என்னை மறந்து, ஆமாம்மா, கொஞ்சம் கசகசன்னுதான் இருக்கு, அங்க எல்லாம் ஏசி பாருங்க என்று சொல்லிவிட்டேன். பெயரை எடுப்பது சின்ன வேலைதானாம், ஆனால் மேனேஜரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை காரே அனுப்புகிறார்களாம், குடும்பத்தோடு வரலாமாம். எனக்கு நாக்கு குழறி "சரி" என்று வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. டை கட்டிய பையன் ஒருவன், பரிதி என்று பெயர், பூங்கொத்தோடு இறங்கினான். உன் அக்காவிடம் நான் எதையும் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை, "தபாலை நிறுத்துற விஷயமா திருவையாறு வரைக்கும் போறோம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது, பார்த்து நாளாயிற்று என்று அவளும் ஆசையாகப் புறப்பட்டு நின்றாள். பரிதி அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் மேடம். முபாரக் சாரோட மிசஸ்தானே நீங்க?" என்றான்.

"தவ்பா தவ்பா! முபாரக் என் கூடப் பொறந்த தம்பிங்க!" என்று உன் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பரிதி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அக்காவும் தம்பியுமா! அட, தெரியாமப் போச்சே! கவலையே படாதீங்க சார், பக்கத்துப் பக்கத்து மனையாவே போட்டுரலாம்!"

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும், "இல்லை தம்பி, இவர் என் வீட்டுக்காரர்" என்று சொல்லியிருப்பாள். உன் அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "ஏறுப்பா முபாரக், வெயில்ல நிக்காத" என்றாள்.

என் கல்யாண வாழ்க்கையில் அந்த ஒரு நாள் மாதிரி நான் பார்த்ததில்லை. காரில் ஜன்னல் ஓரம் எனக்கு. முழங்கால் மடங்குகிறதே என்று அவளே முன் சீட்டைத் தள்ளச் சொன்னாள். வழியில் இளநீர் வாங்கியபோது, "தம்பிக்கு மொதல்ல குடுங்க, அவனுக்குச் சூடு தாங்காது" என்றாள். வீட்டில் நான் இளநீர் என்று வாயைத் திறந்தால், "செம்புல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க" என்பவள். மத்தியானம் பந்தலில் காய்கறிப் பிரியாணி போட்டார்கள், தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். நான் அதைக் கையில் எடுத்தேன், கடிக்கவில்லை. இந்தக் கரிசனம் எல்லாம் எனக்கா, உனக்கா? உன் பெயரில் வந்த தபாலை இத்தனை நாள் வாங்கினேன், இப்போது உன் பெயரில் வந்த பாசத்தையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றி, அப்பளம் நமுத்துப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் பூதலூரிலிருந்து மனை பார்க்க வந்த அம்சம் என்ற அம்மாளிடம் உன் அக்கா உன்னைப் பற்றி அளந்ததைக் கேட்டிருக்க வேண்டும் நீ. "எந்தம்பி மாதிரி பாடுபட்டவன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க. ஐப்பசி மழையில வயலு முங்கிக் கெடக்கும், கூப்பிட்டு ஆள் வந்துட்டா எந்நேரம்னு பாக்க மாட்டான், இடுப்பளவு சேத்துல எறங்கி நின்னு மோட்டாரை ஓடவச்சுட்டுத்தான் கரையேறுவான். கையெல்லாம் கிரீஸோட வருவான். சாப்பாட்டை மூடி வச்சுக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். ஒரு நாளு ஒரு பொழுது மொகஞ்சுளிச்சதில்ல, தங்கம்" என்கிறாள். நீ எப்போது சேற்றில் இறங்கினாய்? துபாயில் சேறு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கு ஏது கிரீஸ்? கூடப் பிறந்தவன் என்பதற்காக இப்படியா வாய் கூசாமல் பொய் சொல்வது? அந்த அம்மாள் வேறு என்னைப் பார்த்து, "இப்படி ஒரு அக்கா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மனையைப் பற்றி என்ன சொல்ல. நடுவயலில் கல் நட்டுக் கலர் கலராகக் கொடி கட்டியிருந்தார்கள். மூன்று பக்கமும் குறுவை நடவு பச்சையாக நிற்கிறது. "காவிரி எங்கப்பா?" என்றேன். "பின்னாடிதான் சார், நாலு ஊர் தாண்டி" என்றான் பரிதி. மேனேஜர் வந்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "துபாய்ல என்ன சார் பண்றீங்க?" என்று அவர் முந்திக்கொண்டார். பழக்கதோஷத்தில் "மோட்டார்" என்றேன். "ஆட்டோமொபைல்! பிரமாதம்!" என்றார். யாரோ ஒரு சால்வையை எடுத்து என் தோளில் போட்டு, உன் அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்து, "சிரிங்க சார், அக்காவும் சிரிங்க" என்றார்கள். சொன்னால் சிரித்துவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. திரும்பி வரும்போதுதான் தபாலை நிறுத்தச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பேப்பருக்குள் வைத்து அந்த நோட்டீஸ் வந்தது. நீ பார்த்தது பாதிதான், யாரோ மேல் பக்கத்தை மடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள், அது ஊரெல்லாம் சுற்றி உன்னிடம் வந்து சேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மேலே என்ன போட்டிருந்தது தெரியுமா? "அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று! அருகருகே மனை, அகலாத பாசம்!" அதற்குக் கீழே நானும் என் பெண்டாட்டியும். அதற்கும் கீழே, "துபாய் தொழிலதிபர் திரு. முபாரக், தம் அக்காவுடன்." பெயர் போனது, வீடு போனது, இருந்த ஒரே முகமும் போனது, நிக்காஹ் செய்த பெண்டாட்டியும் அக்காவாகப் போய்விட்டாள். இனி உன்னிடம் கொடுக்க என்னிடம் முழங்கால் வலி ஒன்றுதான் பாக்கி.

பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சித்தீக், "என்ன மோட்டார் பாய், இத்தன வருஷமா அக்கா வீட்லயா தங்கியிருக்கீங்க?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தொழுகைக்கு முன்னால் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. பூதலூரிலிருந்து என் பழைய வாடிக்கைக்காரர் வீரையன் போன் செய்து, "பாய், கடைய மூடிட்டு துபாய்க்குப் போயிட்டீங்களாமே, ஒரு வார்த்த சொல்லலியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். உன் மாமனார் நோட்டீஸோடு நேரில் வந்துவிட்டார். அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல். "மாப்பிள்ளைக்கு இந்த வயசுல இப்படி நரைச்சுப் போச்சே, எம்மக ஒழுங்கா சோறு போடலையோ" என்று என்னிடமே கேட்டுக் கலங்கினார். நான்தான் அந்தப் படத்தில் இருப்பது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு தடவை டீ போட வேண்டியதாயிற்று. வந்த நோட்டீஸ்களை எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன் என்பதை உன் தகவலுக்காக எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. ரெத்தினத்திடம் மட்டும் வழி கேட்டேன். "இந்த முகவரியில ஆள் இல்லன்னு மேல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க பாய், வந்த வழியே போயிரும்" என்றார். ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். முபாரக் என்று யாரும் இங்கே இல்லை, முபாரக் இல்லை, முபாரக் இல்லை. எழுத எழுத மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சி. கொஞ்ச நாளில் தபால் வருவது குறைந்து, அப்புறம் ரெத்தினத்தின் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டி நேராகப் போக ஆரம்பித்தது. வீடு அமைதியாகிவிட்டது. நானும் நிம்மதியாக இருக்கிறேன். கேடயம் முன்னால் வந்துவிட்டது.

உன் அக்காதான் சரியில்லை. தபால் வருகிற நேரத்துக்கு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். என்ன என்று கேட்டால், "சும்மாத்தான், காத்து வாங்குறேன்" என்கிறாள். உள்ளே மின்விசிறி ஓடுகிறது, வெளியே இலைகூட அசையவில்லை. காற்றையா வாங்குகிறாள்? உன் பெயர் போட்ட வெறும் காகிதத்துக்கு அப்படிக் காத்திருக்கிறாள். ரெத்தினம் தாண்டிப் போனதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போகிறாள். எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் அப்படி வாசலில் உட்கார்ந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். முபாரக், நீ பிறந்ததிலிருந்து அவளுக்குத் தம்பி. நான் நடுவில் வந்தவன். இருந்தாலும் ஒரு நியாயம் வேண்டாமா?

ஆகவே, நீ இந்தக் கடிதம் கண்டதும் எந்தெந்தக் கம்பெனிக்கு என் வீட்டு முகவரியைக் கொடுத்தாயோ அத்தனை பேருக்கும் உடனே தகவல் அனுப்பி, முகவரியைச் சென்னை வீட்டுக்கே மாற்றிவிட வேண்டியது. மேப்பில் இருக்கும் பெயரை எடுப்பதற்கும் வழி இருக்கிறதாம், உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, செய்துவிடு. இதற்கு மேல் இந்த வீட்டுக்கு உன் பெயரில் ஒரு துண்டுத் தாள்கூட வரக்கூடாது. இது என் முடிவான வார்த்தை.

வல்ல அல்லாஹ் உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும், முடிந்தால் கொஞ்சம் முடியையும் தந்தருள்வானாக. ஷமீராவுக்குச் சலாம். குட்டி ஷமாவின் நெற்றியில் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
க. பக்கீர் முகம்மது,
சொந்த வீடு, அய்யம்பேட்டை.

பின்குறிப்பு: கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உன் அக்கா நாலு வரி எழுத வேண்டுமாம். எழுதி அவளே ஒட்டிவிடுவாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

தம்பி முபாரக்குக்கு அக்கா சலாம். மச்சான் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போயிருக்காங்க, வர்றதுக்குள்ள எழுதிடுறேன். மேல எழுதுனதப் பூரா படிச்சுட்டேன். முகவரியை மாத்திராதப்பா. தபால் நின்னு ரெண்டு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள மனுஷன் பாதியா ஆயிட்டாங்க. முன்னல்லாம் சாப்பிட்டதும் உனக்கு வந்ததைப் பிரிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. கார் வேணாம்ப்பா, நகை போன மாசம்தான் பாத்தோம்னு அந்தக் கம்பெனிக்காரன் எதுக்க உக்காந்திருக்கிற மாதிரி பதில் சொல்வாங்க. எங்களுக்குப் பொழுது அதுலதான் போச்சு. முந்தாநாள் அவங்களே போஸ்ட் ஆபீஸுக்குப் போயி, "எழுதிக் குடுத்ததெல்லாம் தப்பு, முபாரக் இங்கதான் இருக்காரு, வர்றதக் கொண்டாந்து குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க. ரெத்தினம் என்கிட்ட சொல்லிட்டாரு. நோட்டீஸையும் பேப்பர்காரனுக்குப் போடல. உன் பேரு இருக்குற எடத்துல வெள்ளைத்தாள் ஒட்டி, தன் பேரை எழுதி, பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்காங்க.

நான் வாசப்படியில உக்காந்தது உன் தபாலுக்கு இல்லப்பா. ரெத்தினம் வர்ற நேரத்துக்கு இவங்க சட்டைய மாட்டிக்கிட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல போயி நிப்பாங்க. "எனக்கு ஒண்ணுமில்லியா"ன்னு கேக்க வாயெடுப்பாங்க, கேக்க மாட்டாங்க. அந்த மொகத்தோட தனியா உள்ள வர வேணாம்னுதான் நான் அங்க உக்காந்திருப்பேன்.

உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ போன் பண்ணும்போது மச்சானக் குடுன்னு ஒரு நாளும் கேக்கறதில்ல. மொத மொத நீ துபாய்க்குப் போனப்ப திருச்சி ஏர்போர்ட்டுல உன்னை உள்ள அனுப்பிட்டு, நாங்கள்லாம் வேன்ல ஏறிட்டோம், இவங்க வரல. பிளேன் மேல ஏறி மறையற வரைக்கும் வெளியில வெயில்ல நின்னுட்டு வந்தாங்க. உனக்கு அது தெரியாது, சொல்லவும் விட்டதில்ல.

போன் வேணாம். ஒரு கடுதாசி எழுது. உள்ள என்ன வேணாலும் எழுது, மழை பெய்யுது வெயில் அடிக்குதுன்னாகூடப் போதும். எனக்குப் போடாத, அவங்களுக்குப் போடு. கவர் மேல அவங்க பேர மட்டும் நல்லா பெரிசா எழுது தம்பி. ரெத்தினம் தெருமுனையிலேர்ந்தே சத்தமா வாசிக்கணும்.